களப்பயிற்சிக்குப் போகும் செவிலிய மாணவர்கள் படிவத்தை மட்டும் நிரப்பி வருகிறார்கள்: எப்படி மாற்றுவது?

புதிய ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். செவிலியக் கல்லூரியில் சமுதாய நலச் செவிலியம் கற்பிக்கும் பொறுப்பு இந்த ஆண்டுதான் என்னிடம் வந்திருக்கிறது. அதற்கு முன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்தேன்.

எங்கள் மாணவர்கள் வார்டில் நன்றாக வேலை செய்பவர்கள். ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு மாறினால் நான் சொல்வதற்கு முன்பே கட்டிலருகே நிற்பார்கள். அதே பிள்ளைகள் சமுதாயக் களப்பயிற்சிக்குப் போனால் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஏராளமான குடும்பங்களைச் சந்தித்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது இங்கே நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு. மாலையில் திரும்பும்போது படிவம் நிறைந்திருக்கிறது. யாரையாவது எழுப்பி, போன வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. "நோயாளியே இல்லையே மேடம், அங்கே என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள்.

பதிவேடுகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே இரண்டு வரிகள். "கண்டறிந்த பிரச்சினை: சுகாதார விழிப்புணர்வு இன்மை. செய்த பணி: சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது." யாருக்கு, எதைப் பற்றி, அதனால் என்ன ஆனது என்பதற்கு இடமே இல்லை.

இந்தப் பயிற்சியை ஓய்வு நாட்களாக அவர்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. களத்தில் பணிபுரிந்தவர்கள், கற்பித்தவர்கள் வழி சொல்லுங்கள்.

களப்பணி அம்மா

ஆசிரியைக்கு வணக்கம். பொதுச் சுகாதாரச் செவிலியராக நெடுங்காலம் பணிசெய்து, பிறகு மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போனவள் நான். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவர்கள் கேட்பது நேர்மையான கேள்வி. மருத்துவமனையில் படுக்கை எண், கேஸ் ஷீட், மருத்துவரின் உத்தரவு எல்லாமாகச் சேர்ந்து, இவர் நோயாளி, இது உன் வேலை என்று சொல்லிவிடுகின்றன. வீட்டுக்குள் நுழைந்தால் அப்படிச் சொல்வதற்கு யாரும் இல்லை. எது வேலை என்று கண்டுபிடிப்பதே அங்கே முதல் வேலை. அதைக் கற்றுக்கொடுக்காமல் கையில் படிவத்தைக் கொடுத்தால், படிவத்தை நிரப்புவதே வேலை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். குறை அவர்களுடையது அல்ல, ஏற்பாட்டினுடையது.

குடும்பங்களின் எண்ணிக்கையை வெட்டுங்கள். ஒருவருக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு குடும்பங்கள் போதும். பயிற்சி முடியும்வரை அதே குடும்பங்கள். முதல் சந்திப்பில் படிவத்தை வெளியே எடுக்கவே கூடாது. நான் கற்பித்தவரை இந்த ஒரு மாற்றத்தைப் போலப் பலன் தந்தது வேறில்லை. ஒரு வீட்டுக்கு ஒரே ஒருமுறை போகிறவர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வருவார். இரண்டாம் முறை போகிறவர், சென்ற முறை சொன்னதற்கும் இன்று கண்ணில் படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பார். மூன்றாம் முறை போகும்போது வீட்டாரே வாசலில் வைத்து ஒன்றைச் சொல்வார்கள். முதல் நாள் படிவத்தில் அது ஒருபோதும் வந்திருக்காது.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நீரிழிவு உள்ள ஒரு பெரியவரின் வீட்டுக்கு என் மாணவி ஒருத்தி போனாள். முதல் சந்திப்பில் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா தாத்தா?" என்று கேட்டாள். "சாப்பிடுகிறேன் அம்மா" என்றார். விசாரணை அத்துடன் முடிந்துவிட்டது. அடுத்த முறை போகும்முன், "கேட்காதே, காட்டச் சொல்" என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். பெரியவர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். அதில் இரண்டு அட்டைகள் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு வணிகப் பெயருடன், வெவ்வேறு மருத்துவரிடம் வாங்கியவையாக இருந்தன. அவள் பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துச் சிறிய எழுத்தைப் படித்தாள். இரண்டிலும் ஒரே நீரிழிவு மருந்து, மெட்ஃபார்மின். பெரியவர் இரண்டையும் காலையிலும் இரவிலும் விழுங்கிக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று மனைவி புலம்பிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாணவி தன் பொறுப்பில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அட்டைகளின் விவரத்தை எழுதிக்கொண்டு, சுகாதார நிலையச் செவிலியரிடம் உடனே சொல்லி, பெரியவரை அன்றே மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்தாள். "ஒழுங்காகச் சாப்பிடுகிறார்" என்று முதல் நாள் எழுதியது பொய்யில்லை. அவர் உண்மையிலேயே ஒழுங்காகத்தான் சாப்பிட்டுவந்தார்!

வயிற்றுப்போக்கு பற்றிய சுகாதாரக் கல்வியும் இப்படித்தான். "உப்புச் சர்க்கரைக் கரைசல் தெரியுமா?" என்றால் எல்லாத் தாய்மாரும் தெரியும் என்பார்கள். "ஒரு பாக்கெட்டைக் கரைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டுகிறவர்கள் உண்டு. கரைசல் அவ்வளவு அடர்த்தியானால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி, மருந்தே தீங்காகிவிடும். அந்த வீட்டில் ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் எது என்று தாயோடு சேர்ந்து தேடி, அதில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வரும் மாணவர்தான் சுகாதாரக் கல்வி அளித்தவர். சுவரில் படத்தை மாட்டி உரை நிகழ்த்துவது அதில் சேராது.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வார்டில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. களத்தில் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பேச்சும் கூடாது. பேச முடியாத அந்த நேரத்தில் கண் வேலை செய்யும். தண்ணீர் எங்கே மூடி வைக்கப்பட்டிருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது, இரவில் கழிவறைக்குப் போக முதியவர் எத்தனை படி இறங்க வேண்டும், வீட்டில் யார் பேசினால் மற்றவர்கள் வாய் மூடுகிறார்கள்... திரும்பி வந்தபின் இவற்றை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதியைப் பல கல்லூரிகள் விட்டுவிடுகின்றன. ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் மக்கள் கூட்டத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு தெருவில் 12 குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, இன்னொரு தெருவிலும் 12 என்றால் எங்கே முதலில் போவாய் என்று வகுப்பில் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டும் சமம் என்பார்கள். முதல் தெருவில் இருப்பதே 60 குழந்தைகள், இரண்டாவதில் 240 என்று சொல்லுங்கள். ஐந்தில் ஒன்றும் இருபதில் ஒன்றும் எப்படிச் சமமாகும்? வகுக்கும் எண்ணைத் தேடுகிற பழக்கம் வந்துவிட்டால் பொதுச் சுகாதாரம் வந்துவிட்டது என்று பொருள். தடுப்பூசிக்கும் இதே கணக்கு. தட்டம்மை பரவாமலிருக்க ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டும். அந்த அளவைத் தொட்டுவிட்டோம் என்று அறிக்கை சொன்னாலும், விடுபட்ட குழந்தைகள் எல்லாரும் ஒரே வரிசை வீடுகளில் இருந்தால் நோய் அங்கே நுழையும். சராசரி எண்ணுக்குள் அந்த வரிசை தெரியாது. கையால் வரைந்த வரைபடத்தில் தெரியும்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு லினா ரோஜர்ஸ். நியூயார்க் பள்ளிகளில் படர்தாமரை, கண்நோய், பேன் என்று மருத்துவ ஆய்வாளர்கள் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாரும் சிகிச்சை தரவில்லை. குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பவும் இல்லை. பொதுச் சுகாதாரச் செவிலியம் என்ற துறைக்கே வழி வகுத்த லில்லியன் வால்டு 1902-ல் தம் செவிலியரில் ஒருவரான லினா ரோஜர்ஸைச் சோதனை முயற்சியாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே புண்களுக்கு மருந்திட்டார், வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் செய்து காட்டினார். பிறகு மேலும் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஓராண்டுக்குள், விலக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நோயைக் கண்டுபிடிக்க அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. கண்டுபிடித்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று பின்தொடரத்தான் ஆள் இல்லை. உங்கள் மாணவர்களின் பதிவேட்டில் காணாமல் போயிருப்பதும் அந்தப் பின்தொடர்தல்தான்.

சுகாதார நிலையச் செவிலியர்

களப்பணி அம்மா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். எங்கள் தரப்பையும் ஆசிரியைகள் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் மாணவர்கள் பெரும் கூட்டமாக வருகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் பத்துப் பேர் சீருடையில் நின்றால், உள்ளே யாருக்கு என்ன நோய் என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவர், மாணவர்கள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகத் தொடங்கினார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக் கண்டு முதல் வாரமே நிறுத்தப் பார்த்தவரிடம், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம் என்று பேசிப் பேசித் தொடர வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையைக் கூட்டமாக வந்து கலைத்துவிட்டால் மறுபடி கட்ட எவ்வளவு நாளாகும்? இருவர் இருவராக அனுப்புங்கள், போதும்.

ஒவ்வொரு அணியும் அதே வீட்டில் அதே கேள்விகளைக் கேட்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை அறை, என்ன வருமானம்... "போன முறை வந்தவர்களிடம் சொன்னேனே" என்று மக்கள் சலித்துக்கொள்வது நியாயம்தானே. எங்கள் பதிவேட்டில் இருப்பதை எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். கண்டறிந்ததை அன்றைக்கே எங்களிடம் சொல்ல வேண்டும். கல்லூரி நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பயன்?

மாணவர்களால் எங்களுக்குக் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். தடுப்பூசிக்கு வராத குழந்தைகளின் பட்டியலை இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, திட்டாமல் காரணத்தை மட்டும் கேட்டு வரச் சொன்னேன். தாய்மாருக்கு அறியாமை என்றுதான் கூட்டங்களில் எல்லாரும் சொல்வோம். அவர்கள் கொண்டுவந்த காரணம் வேறு. வராதவர்களில் பெரும்பாலானோர் காலை வேலைக்குப் போகிற தாய்மார். எங்கள் முகாம் காலையில் மட்டும் நடந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் மாதத்தில் ஒரு முகாமை மாலைக்கு மாற்றச் சம்மதம் வாங்கினேன். விடுபட்ட குழந்தைகள் பலர் வந்தார்கள். எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தாலும் அது நடந்திருக்காது.

தடுப்பூசிப் பெட்டியையும் ஒருநாள் அவர்கள் பொறுப்பில் விடுங்கள். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்று தேர்வில் எழுதுகிறார்கள். வெப்பம் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்து, உறைந்தால் கெட்டுவிடும் குப்பிகளை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கிறார்கள். டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்குமான தடுப்பூசி) போன்ற மருந்து ஒருமுறை உறைந்துவிட்டால் பயனற்றது. உறையவைத்த ஒரு குப்பியையும் உறையாத ஒரு குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எதில் வண்டல் சீக்கிரம் படிகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் பிறகு பெட்டியை அலட்சியமாக அடுக்குவதில்லை.

இறுதியாண்டு மாணவி

நான் இப்போது களப்பயிற்சியில் இருக்கிறேன். எங்களுக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்களில் பலருக்குப் பயம் இருக்கிறது. வார்டில் எது நடந்தாலும் பக்கத்தில் சிஸ்டர் இருப்பார். வீட்டில் நாங்கள் மட்டும். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் தாய்ப்பால் பற்றிப் பேசப் போனேன். கையில் காயத் தழும்புகள் இருந்தன. மாமியார் கூடவே உட்கார்ந்திருந்தார். கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. படிவத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டேன். இரவு தூங்க முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் அம்மா?

களப்பணி அம்மா

மகளே, நீ தழும்பைப் பார்த்தாய், மாமியார் பக்கத்தில் இருப்பதையும் கவனித்தாய். அந்த இடத்தில் கேட்காமல் விட்டது சரி. மற்றவர் முன்னிலையில் அந்தக் கேள்வியைக் கேட்டால், நீ போன பிறகு அவளுக்குத்தான் ஆபத்து. நாளைக்கே உன் ஆசிரியையிடமும் அந்தப் பகுதிச் செவிலியரிடமும் சொல். பேச்சுவாக்கில் வேண்டாம், உட்கார்ந்து சொல். குழந்தையின் எடை பார்க்க அவளைச் சுகாதார நிலையத்துக்கு வரவழைக்கலாம். அங்கே தனியாகப் பேச இடம் கிடைக்கும். அவள் ஏதாவது சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே. அவளுடைய பாதுகாப்புக்காக நீ யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள். அவள் சொல்லாவிட்டாலும் வற்புறுத்தாதே. மறுபடியும் வருவேன் என்று சொல்லி, சொன்ன நாளில் போய் நில்.

தூக்கம் வராதது உனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1859-ல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்பவர், தம் மனைவியைக் கடைசிவரை கவனித்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே கவனிக்க மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரு மாதத்தில் அவர் கண்ணீரோடு திரும்பி வந்து, இந்தத் துயரத்தைப் பார்க்க முடியவில்லை, விட்டுவிடுகிறேன் என்றார். அனுபவமிக்க செவிலியர் அவர். ராத்போன் தொடரும்படி கேட்டுக்கொண்டார். அவரும் தொடர்ந்தார், மூன்று மாதம் முடிந்தபின் இந்த வேலையை விட மனமில்லை என்றார். பிறகுதான் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையோடு அங்கே பயிற்சிப் பள்ளி வந்தது. வீட்டுச் செவிலியத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்திதான்.

ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் பதிவேட்டைத் திருத்துவதற்கு முன் அரை மணி நேரம் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "இன்றைக்கு எது மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த மாணவி மன்றத்தில் எழுதியதை அவள் அங்கே சொல்லியிருக்க வேண்டும்.

புதிய ஆசிரியை

நெகிழ்ந்துபோய்விட்டேன். மாணவியே, உங்கள் ஆசிரியையிடம் நாளைக்குக் கட்டாயம் பேசுங்கள்.

ஆளுக்கு நான்கு குடும்பம், இருவர் இருவராக என்று முதல்வரிடம் பேசப்போகிறேன். அவர் கேட்கப்போகும் கேள்வி தெரியும்: மதிப்பெண் எப்படிப் போடுவது? படிவங்களின் எண்ணிக்கை குறைந்தால் எதை வைத்து அளப்பது?

களப்பணி அம்மா

பக்கங்களை எண்ணி மதிப்பெண் போட வேண்டாம் என்று முதல்வரிடம் சொல்லுங்கள். நான் கேட்டவை மூன்று கேள்விகள்தாம். இந்தக் குடும்பத்தில் நீ முதலில் எதை எடுத்துக்கொண்டாய், எதை ஒத்திவைத்தாய், ஏன்? நீ செய்ததால் எது மாறியது, எப்படித் தெரியும்? இதே சிக்கல் இந்தத் தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கலாம், யாரிடம் பேசினால் எல்லாருக்கும் தீரும்? இவற்றை வகுப்பில் கேட்காமல், அந்தத் தெருவில் நின்றுகொண்டே வாய்மொழியாகக் கேளுங்கள். படிவத்தைப் பார்த்து எழுதியவர் யார், வீட்டைப் பார்த்தவர் யார் என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சுகாதாரத் துறை, பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் செய்யும் பணிகளை 17 செயல்களாகப் பிரித்து ஒரு சக்கரமாக வரைந்திருக்கிறது. ஒவ்வொரு செயலையும் தனிநபர், சமுதாயம், அமைப்பு என்று மூன்று மட்டங்களில் செய்யலாம் என்பது அதன் சாரம். அதைச் சுவரில் ஒட்டி, தாங்கள் செய்தது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் தனிநபர் மட்டத்துச் சுகாதாரக் கல்வியிலேயே வந்து குவிவார்கள். மேலே செவிலியர் சொன்ன மாலை முகாமை எடுத்துக்காட்டி, அது எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

கால் பகுதி மதிப்பெண்ணை ஒப்படைப்புத் தாளுக்கு வைத்துவிடுங்கள். பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே பக்கம்: எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, அடுத்த சந்திப்பு எந்தத் தேதியில், என்ன பார்க்க வேண்டும். ஒரு படி சுகாதார நிலையச் செவிலியருக்கு, ஒரு படி அடுத்த அணிக்கு. குடும்பத்திடம் சொல்லி, சம்மதம் வாங்கி எழுத வேண்டும். அந்தத் தாளில் செவிலியர் கையெழுத்து இல்லாமல் மதிப்பெண் தர மாட்டேன் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.